கியூபெக் பனியில் என் பிரெஞ்சு

கியூபெக் நகர ரயில் நிலையத்தில் இறங்கி நான் பேசிய முதல் பிரெஞ்சு வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் பதில் வந்தது. டாக்ஸி எங்கே நிற்கும் என்று கேட்டிருந்தேன். ரயிலில் வந்த மூன்று மணி நேரமும் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் உருட்டி உருட்டித் தயாராக வைத்திருந்தேன். நிலைய ஊழியர் என் முகத்தைப் பார்த்தார். கம்பளிக் குல்லாயையும் அதற்குக் கீழே தெரிந்த பொட்டையும் பார்த்தார். சிரித்துக்கொண்டே, இடது பக்கக் கதவு வழியாகப் போங்கள் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

"அவருக்குத் தெரிஞ்சு போச்சுட்டி," என்றாள் நர்ஸம்மா.

"என்ன தெரிஞ்சு போச்சு?"

"நீ ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரின்னு."

நாங்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் அறுபது வயது, சில மாதங்கள் முன்னே பின்னே. ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரே நர்ஸம்மா என்று கூப்பிடுவதால் எங்கள் வாயிலும் அதுவே வந்துவிட்டது. இன்னொருத்தி ராஜபாளையத்துக்காரி. அந்தக் காலத்தில் தினமும் பஸ் ஏறி எங்கள் ஊருக்குப் படிக்க வந்தவள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவளுடைய மகள் மாண்ட்ரியலில் வேலை பார்க்கிறாள். மூன்றாவது ஆள் நான்.

எனக்குப் பிரெஞ்சு வந்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி செய்கிற ஒரு கம்பெனியில், கப்பலுக்குப் போகும் பெட்டிகளுக்கு லேபிள் தயார் செய்வது என் வேலை. பிரெஞ்சு பேசுகிற ஆப்பிரிக்க நாடுகளுக்கும் எங்கள் சரக்கு போகும், அதனால் லேபிளும் பிரெஞ்சில் இருக்கும். எனக்கு அது வெறும் எழுத்து. அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்து நம் வாசலில் போடுகிற மாதிரி, மாதிரித் தாளைப் பார்த்துப் பார்த்து டைப் அடிப்பேன். ஒருநாள் 'நோன்' என்ற ஒரு சின்னச் சொல்லை விட்டுவிட்டேன். நோன் ஸ்தெரில் என்றால் கிருமி நீக்காதது. நோன் போய்விட்டால் கிருமி நீக்கியது. சாதாரணத் துணி, ஆபரேஷனுக்கு உரியது என்ற பெயரோடு கிளம்பத் தயாராகிவிட்டது. லாரியில் ஏற்றும்போது மேனேஜர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம். ஒரு லாரி நிறைந்த பெட்டிகளில் லேபிளை உரித்து மறுபடி ஒட்ட இரண்டு நாள் ஆயிற்று.

மேனேஜர் திட்டவில்லை. "அர்த்தம் தெரியாமயா இம்புட்டு வருஷம் அடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தத் துணியை எந்த ஊரிலோ யாருடைய வயிற்றுக்குள்ளோ வைத்திருப்பார்களே என்று நினைத்தபோது இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே படிக்கத் தொடங்கினேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில், ஜன்னலோரம், காதில் கருவியை மாட்டிக்கொண்டு போன் சொல்லித்தருவதைத் திருப்பிச் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஏதோ மந்திரம் ஜெபிக்கிறேன் என்று நினைத்து இடம் விட்டு உட்காருவார்கள். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வ. புதுப்பட்டியில் எங்கள் வயலைப் பார்க்கிறவர். அவர் அடுப்படி வாசலில் நின்று, "காலங்காத்தால யாரட்டி வையுத?" என்று கேட்பார். பிரெஞ்சில் தொண்டைக்குள்ளிருந்து வரவேண்டிய ஓர் எழுத்து உண்டு. அதை நான் பழகியது அவருக்கு யாரையோ திட்டுகிற மாதிரிதான் கேட்டிருக்கிறது.

எட்டு வருஷம் படித்தேன். லேபிளில் அதன்பிறகு ஒரு பிழை இல்லை. ஆனால் ஒரு மனுஷரோடு ஒருமுறைகூடப் பிரெஞ்சில் பேசியதில்லை. பேச எங்கள் பக்கம் யார் இருக்கிறார்கள்?

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், ராஜபாளையத்துக்காரியை மகள் கூப்பிட்டாள். அம்மா பனிக்காலத்தில்தான் வரவேண்டும், பனியைப் பார்க்கவேண்டும் என்று அடம். இவளோ, "அவளுக ரெண்டு பேரும் வந்தாத்தான் நானும் வருவேன்" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் நாங்கள் மூவரும் பிப்ரவரி மாதத்தில் மாண்ட்ரியலில் போய் இறங்கினோம். ஒரு வாரம் மகள் எங்களைச் சுற்றிக் காட்டினாள். பிறகு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. "கியூபெக் சிட்டி பழைய ஊரும்மா. கோட்டைச் சுவர் எல்லாம் அப்படியே இருக்கு. நாலு நாள் நீங்களே போயிட்டு வாங்க. அத்தைக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே," என்று என்னைக் காட்டி ரயிலேற்றிவிட்டாள். ரயில் கிளம்பியதுமே டாக்ஸி வாக்கியத்தை வாய்க்குள் உருட்டத் தொடங்கிவிட்டேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முதல் நாள் முழுக்கத் தோல்விதான். ஓட்டலில் சாவி வாங்கும்போது பிரெஞ்சில் கேட்டேன், ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கடையில் இறைச்சி இல்லாத சூப் எது என்று பிரெஞ்சில் கேட்டேன், அந்தப் பெண் ஆங்கிலத்தில் மூன்று வகை சொன்னாள். யாரும் கேலி செய்யவில்லை. எல்லாரும் நல்ல மனுஷர்கள். நான் தடுமாறுவதைப் பார்த்து இரக்கப்பட்டு உதவினார்கள். அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு முழுப் பேச்சு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறாமல் பேசிவிட்டால் போதும் என்று இருந்தது.

இன்னொரு சிக்கல், நான் படித்த பிரெஞ்சை அவர்கள் பேசவில்லை. நன்றி சொன்னால், பதிலுக்கு 'பியன்வெனூ' என்றார்கள். நான் படித்த பாடத்தில் அதற்கு 'வருக வருக' என்று அர்த்தம். ஒவ்வொரு கடையிலும் வெளியே கிளம்பும்போது வருக வருக என்றால் என்ன செய்வது? முதல் கடையில் நான் திரும்பவும் உள்ளே போய்விட்டேன். நன்றிக்குப் பதிலாக அவர்கள் ஊரில் சொல்வது அது என்று புரிய மூன்று கடை ஆயிற்று. குளிரை என் பாடம் 'ஃப்ருவா' என்று சொல்லிக்கொடுத்தது, இவர்கள் 'ஃப்ரெத்' என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. சென்னையில் தமிழ் படித்து வந்த ஒரு வெள்ளைக்காரரிடம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் 'எம்புட்டு நேரமா நிக்கீக?' என்று கேட்டால் அவர் முழிப்பாரே, அந்த முழிப்பைத்தான் நான் அங்கே முழித்தேன்.

ஊர் என்னவோ அழகுதான். மலைமேல் ஒரு ஊர், மலைக்குக் கீழே ஒரு ஊர். நடுவே செங்குத்தான படிக்கட்டு. கீழே அகலமான ஆறு. பிளவக்கல் அணை நிரம்பி வழிவதைப் பார்த்தே வாயைப் பிளக்கிற எனக்கு, அந்த ஆறு முழுக்கப் பனிக்கட்டிப் பாளங்கள் மோதிக்கொண்டு நகர்வதைப் பார்க்கையில் அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. படிக்கட்டைப் பார்த்து நான் தயங்கினேன். ராஜபாளையத்துக்காரி தயங்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. எல்லாரும் சொல்கிற சிவன் மலை இல்லை, இது பெருமாள் மலை. புரட்டாசிச் சனிக்கிழமை தவறாமல் அதில் ஏறி இறங்குகிற கால் அவளுடையது. "பத பத," என்று தெலுங்கில் எங்களை விரட்டிக்கொண்டு அவள் முன்னால் ஏறினாள். நட நட என்று அர்த்தம்.

இரண்டாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. உறைநிலைக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி என்று ஓட்டல்காரர் சொன்னார். என் வீட்டுக்காரர் எல்லைப் பக்கம் பனிமலையில் காவல் இருந்தவர். கிளம்பும்போது எனக்குச் சொல்லி அனுப்பியது மூன்று விஷயம்: ஒண்ணுக்குமேல ஒண்ணா மெல்லிசா போடு, வேர்க்க விடாத, எங்கயும் நின்னுட்டே இருக்காத. அதன்படி சேலைக்குப் பதிலாக எதை எதையோ மாட்டிக்கொண்டு மூன்று வெங்காயங்கள் மாதிரி கிளம்பினோம்.

ஒரு பழைய தேவாலயத்தைப் பார்க்கவேண்டும் என்பது நர்ஸம்மாவின் ஆசை. நான் வழியில் ஒரு ஆளை நிறுத்திப் பிரெஞ்சில் வழி கேட்டேன். ஆச்சரியம், அவர் பிரெஞ்சிலேயே சொன்னார். அவசரமாகப் போய்க்கொண்டிருந்ததால் என் முகத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் ஜெயித்த மாதிரி இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு நடந்தேன். பிரெஞ்சில் 'நேராக' என்பதற்கும் 'வலப்பக்கம்' என்பதற்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். அவர் நேராகப் போகச் சொல்லியிருக்கிறார். நான் வலப்பக்கம் திருப்பினேன். அதுவும் இரண்டு தடவை.

கால் மணி நேரத்தில் கோட்டைச் சுவர் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. ஓட்டல்கள் இல்லை, பரிசுப் பொருள் கடைகள் இல்லை. மாடிக்கு வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு வைத்த வரிசை வீடுகள். ஒரு முனையில் பால், ரொட்டி விற்கிற சின்னக் கடை. சரிவான தெரு.

"இங்க எங்கட்டி கோயிலு?" என்றாள் நர்ஸம்மா.

"செத்த நேரம் பொறு. கேட்டுச் சொல்லுதேன்."

"நீ கேட்டதுலதான இங்க வந்து நிக்கோம்!"

அப்போதுதான் அந்த அம்மா விழுந்தார்கள். கடையிலிருந்து வெளியே வந்து, கையில் பையோடு சரிவில் நாலடி வைத்தார்கள். புதுப் பனிக்கு அடியில் பழைய பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்திருக்கிறது. கால் முன்னால் போக, ஆள் பக்கவாட்டில் சாய்ந்து, நெற்றி ஒரு வீட்டின் இரும்புக் கைப்பிடியில் இடித்தது. 'ணங்' என்ற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பச்சைக் குல்லாய் உருண்டு ஓடியது. எழுபத்தைந்து வயதுக்குக் குறையாது.

நர்ஸம்மா எப்படி அந்தச் சரிவில் ஓடினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அவள் பனியில் மண்டியிட்டு அந்த அம்மாவின் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தாள். நெற்றியில் வெட்டு. ரத்தம் கன்னம் வழியாக இறங்கி வெள்ளைப் பனியில் சொட்டியது. அந்த அம்மா எழுந்திருக்க முண்டினார்கள்.

"அசையக் கூடாதுன்னு சொல்லு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

எட்டு வருஷம் படித்த எல்லாம் ஒரு கணம் மறந்துபோயிற்று. பிறகு வந்தது. "ந பூஜே பா, மதாம்," என்றேன். அசையாதீர்கள் அம்மா. அந்த அம்மா முண்டுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

கடைக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். தடித்த மனிதர், வெறும் சட்டையோடு. அவர் ஏதோ வேகமாகக் கேட்டார். நான் முழித்தேன். அவர் ஆங்கிலத்தில் பேச முயன்றார், இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பிரெஞ்சுக்கே வந்துவிட்டார். அந்தத் தெருவில் அந்த நேரத்தில் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்குப் புரிந்தது.

"கேளு," என்றாள் நர்ஸம்மா. அவள் குரல் மாறிவிட்டது. அது எங்களோடு பேசுகிற குரல் இல்லை. வார்டில் பேசுகிற குரல். "கழுத்து வலிக்குதான்னு கேளு. கை கால் விரல அசைக்கச் சொல்லு. மயக்கம் வந்துச்சா, வாந்தி வருதான்னு கேளு. ஒண்ணொண்ணாக் கேளு, பதறாத."

ஒவ்வொன்றாகக் கேட்டேன். கழுத்து வலிக்கவில்லை. கால் விரல் அசைகிறது. இடது மணிக்கட்டு வலிக்கிறது. அதைச் சொல்லும்போதே அந்த அம்மாவின் முகம் சுருங்கியது. மணிக்கட்டு கோணலாக வீங்கத் தொடங்கியிருந்தது.

"ரத்தம் நிக்க மாட்டேங்குது," என்று நர்ஸம்மா முணுமுணுத்தாள். "ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திர சாப்பிடுதாகளான்னு கேளு. இது முக்கியம்."

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. எந்த லேபிளிலும் வந்ததில்லை. இதயத்துக்கு மருந்து, ரத்தத்துக்கு மருந்து, ரத்தம் தண்ணீர் மாதிரி ஆவதற்கு மருந்து என்று எனக்குத் தெரிந்த சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். இலக்கணம் எல்லாம் எங்கே போனதோ. அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார்கள். "வீ, வீ," என்றார்கள். ஆமாம், ஆமாம். பிறகு மருந்தின் பெயரைச் சொன்னார்கள். பெயரைக் கேட்டதும் நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மருந்தின் பெயர் எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

"அப்ப அழுத்திக் கட்டணும். கட்டுத்துணி வேணும்."

நான் கடைக்காரரைப் பார்த்துத் திரும்பினேன். அந்தக் கணத்தை எப்படிச் சொல்வது? யோசிக்கவே இல்லை. இருபது வருஷமாக விரலில் ஓடியது வாயில் ஓடியது. கிருமி நீக்கிய காஸ் வலைத்துணி மடிப்புகள், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில். சுற்றுகிற பேண்டேஜ், ஏழரை அகலத்தில். பஞ்சு வேண்டாம், அது காயத்தில் ஒட்டும். ஒட்டுப் பட்டை. தனித்தனி உறையில் இருப்பதாக, உறை கிழியாததாக. எல்லாவற்றையும் சரளமாக, மூச்சு விடாமல், அளவுகளோடு சொன்னேன். கடைக்காரர் வாயைப் பிளந்து ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே ஓடினார்.

முதலுதவிப் பெட்டியோடு வந்தார். பழக்க தோஷத்தில் உறையைத் திருப்பி லேபிளைப் பார்த்தேன். 'ஸ்தெரில்' என்று இருந்தது. எங்கள் ஊர்ச் சரக்கு இல்லை, வேறு ஏதோ தேசத்தில் செய்தது. நெசவு நம்முடையதைவிடக் கொஞ்சம் நெருக்கம் குறைவுதான். கிழித்துக் கொடுத்தேன். நர்ஸம்மா அழுத்திப் பிடித்தாள்.

இதற்கிடையில் ராஜபாளையத்துக்காரி, கழுத்து வலி இல்லை என்று தெரிந்ததுமே, அந்த அம்மாவுக்குப் பின்னால் பனியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் பெரிய கோட்டைப் பிரித்து அவர்களை அதற்குள் இழுத்து, தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு நடுக்கம் எடுத்திருந்தது. இவள் காதருகே குனிந்து, "பயப்படொத்தம்மா, பயப்படொத்து," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பயப்படாதே என்பதைத் தெலுங்கில். அவளுக்குப் பதற்றம் வந்தால் வருவது அந்த மொழிதான். அந்த அம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"இந்தக் குளிர்ல இங்கயே வச்சிருக்கக் கூடாது. கழுத்துக்கு ஒண்ணும் இல்ல. உள்ள கொண்டு போவோம்," என்றாள் நர்ஸம்மா. கடைக்காரரிடம் சொன்னேன். நாங்கள் நாலு பேரும் பிடித்து, அவள் சொன்ன விதத்தில் தூக்கி, கடைக்குள் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஒரு தடித்த பத்திரிகையை அரைவட்டமாக வளைத்து மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, பேண்டேஜைச் சுற்றி, ராஜபாளையத்துக்காரியின் கழுத்துத் துணியால் தூளி மாதிரி கட்டிக் கையைத் தொங்கவிட்டாள் நர்ஸம்மா. நெற்றிக் கட்டில் ரத்தம் ஊறுவது மெல்ல நின்றது.

கடைக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்து, அவர்கள் கேட்ட கேள்விகளை என்னிடம் கேட்டார். நான் நர்ஸம்மாவிடம் கேட்டு அவருக்குச் சொன்னேன், அவர் போனில் சொன்னார். தமிழில் கிளம்பிய ஒரு பதில் இரண்டு வாய் மாறிப் போய்ச் சேர்ந்தது. பனி காரணமாக வண்டி வரச் சற்று நேரம் ஆயிற்று. அதுவரை அந்த அம்மா தூங்கிவிடாதபடி பேச்சுக் கொடுக்கச் சொன்னாள் நர்ஸம்மா. நான் என்ன பேசுவது? பெயர், வீடு, பிள்ளைகள். வீடு நாலு வீடு தள்ளித்தான். ஒரு மகள் இருக்கிறாள், ஆற்றுக்கு அந்தக் கரையில். நான் எந்த ஊர் என்று அவர்கள் கேட்டார்கள். சொன்னேன். அங்கே பனி உண்டா என்று கேட்டார்கள். கிடையாது, மார்கழி மாதம் காலையில் காதில் துண்டு கட்டிக்கொள்வோம், அதுதான் எங்கள் குளிர்காலம் என்றேன். ரத்தக்கறை படிந்த முகத்தோடு அவர்கள் சிரித்தார்கள்.

ஆம்புலன்ஸில் இரண்டு பேர் வந்தார்கள். அதில் மூத்தவர் கட்டைச் சோதித்தார், மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்திருந்த பத்திரிகையைச் சோதித்தார், விரல் நுனியை அழுத்தி ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தார். நிமிர்ந்து, "இதைக் கட்டியது யார்?" என்று கேட்டார்.

"என் தோழி. நர்ஸ். இந்தியாவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள்," என்றேன் பிரெஞ்சில்.

எப்போது விழுந்தார்கள், நினைவு தப்பியதா, என்ன மருந்து, எத்தனை மாத்திரை என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். நான் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றேன். அவர் மெதுவாகத் திரும்பச் சொன்னார், பிரெஞ்சிலேயே. கடைசியில் நர்ஸம்மாவிடம் கை குலுக்கி, நாங்கள் கட்டியிருந்தாலும் இப்படித்தான் கட்டியிருப்போம் என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னதும் நர்ஸம்மா, "ஆங்," என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவள் மூக்கு நுனி சிவந்துவிட்டது. குளிரால் இல்லை.

வண்டி போனபிறகு கடைக்காரர் எங்களை விடவில்லை. சூடாகக் காப்பி கொடுத்தார், என் போன் நம்பரை வாங்கி எழுதிக்கொண்டார். நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "பியன்வெனூ," என்றேன், அவர்கள் ஊர் வழக்கப்படி. அவர் உரக்கச் சிரித்தார்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தபிறகு நர்ஸம்மா நின்றாள்.

"ஏட்டி."

"என்ன?"

"அந்த ஆம்புலன்ஸ்காரரு கடைசி வரைக்கும் இங்கிலீஷ்ல பேசவே இல்லயே."

நான் நின்றுவிட்டேன். எனக்கு அது உறைக்கவே இல்லை. அவர் மட்டுமா, கடைக்காரர் முதலில் முயன்ற இரண்டு சொல்லைத் தவிர்த்தால், அவரும் அந்த அம்மாவும்கூட மாறவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரெஞ்சிலேயே இருந்திருக்கிறேன். அதைக் கவனிக்கக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை. அந்தப் பனியில், நடுத்தெருவில், மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கும்போது பார்த்தால் எனக்குக் கண்ணீர். அது கன்னத்திலேயே உறைந்தது. ராஜபாளையத்துக்காரி தன் கையுறையால் அதைத் தட்டிவிட்டாள்.

தேவாலயத்தையும் கடைசியில் கண்டுபிடித்தோம். நர்ஸம்மா அந்த அம்மாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ராஜபாளையத்துக்காரியும் தன் பங்குக்கு ஒன்று ஏற்றி, திருநீறு எங்கே வைத்திருப்பார்கள் என்று தேடுகிற மாதிரி சுற்றிப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் மாலை போன் வந்தது. கடைக்காரர்தான். நேரில் பேசுவது வேறு, போனில் பேசுவது வேறு. உதடும் கையும் தெரியாது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டேன். தலைக்குள் ரத்தக் கசிவு இல்லை. மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டுப் போட்டாயிற்று. ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் வந்திருக்கிறாள். நாளை மதியம் எங்கள் மூன்று பேரையும் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

நான் சொல்லி முடித்ததும் ராஜபாளையத்துக்காரி கேட்டது, "வெறுங்கையோட எப்படிப் போறது?" என்றுதான். அவள் ஊரிலிருந்து தன் மகளுக்குக் கொண்டுவந்து, ரயிலில் தின்பதற்காக எடுத்துவைத்திருந்த சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம் ஒன்று பையில் மிச்சம் இருந்தது. அதையே கொண்டுபோனோம்.

அந்த அம்மாவின் வீட்டில் மஞ்சள் பட்டாணி சூப் வைத்திருந்தார்கள். எங்களுக்காக இறைச்சி போடாமல். நம் பருப்புக் குழம்பு மாதிரிதான் இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் கூட. மகள் எங்களைக் கட்டிப்பிடித்தாள், ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். அவளுக்கு நன்றாக வந்தது. அப்போது அந்த அம்மா நெற்றியில் கட்டோடு, அடிபடாத கையை மேஜையில் தட்டி, "இந்த அம்மா பிரெஞ்சு பேசுவாங்க!" என்று மகளை அதட்டினார்கள். மகள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பிரெஞ்சுக்கு மாறினாள். எனக்காக ஒரு ஆள் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாறியது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

காராச்சேவை அந்த அம்மா ஒரு வாய் போட்டார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு வாய் போட்டார்கள். பொட்டலத்தை மகளிடம் கொடுக்காமல் தன் பக்கமே வைத்துக்கொண்டார்கள்.

எங்களுக்கு மாலையில் ரயில். ஊரில் என்னென்ன பார்த்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டார்கள். சொன்னேன். ஆற்றைப் பார்த்த மேட்டில் மரப்பலகைச் சறுக்கு இருக்கிறதே, அதில் போனீர்களா என்றார்கள். பார்த்தோம், போகவில்லை, எங்களுக்கு அறுபது வயது என்றேன். அவர்கள் தன் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி, "நான் எழுபத்தெட்டு. போன வருஷம்கூடப் போனேன். விழுந்தது தெருவில்தான், அங்கே இல்லை," என்றார்கள். மொழிபெயர்த்தேன். ராஜபாளையத்துக்காரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்தச் சறுக்கு உயரமான மரச் சாய்வு. அதன் நடுவே பனிக்கட்டியை இழைத்துத் தடம் போட்டிருக்கிறார்கள். நீளப் பலகை வண்டியை நாமே கயிற்றால் இழுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஏறினோம். நர்ஸம்மா பாதியில் மூச்சு வாங்கி நின்று, "எலும்பு கிலும்பு ஒடிஞ்சா நான் கட்டு போட மாட்டேன், சொல்லிட்டேன்," என்றாள். மேலே நின்று பார்த்தால் கீழே ஆறு முழுக்க வெள்ளைப் பாளங்கள், அதற்கு அப்பால் மறுகரை வீடுகள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெயிலும் குளிராக இருக்க முடியும் என்பதை அந்த ஊரில்தான் தெரிந்துகொண்டேன்.

முன்னால் ராஜபாளையத்துக்காரி, நடுவில் நான், பின்னால் நர்ஸம்மா. ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். அங்கே நின்ற பெண் தயாரா என்று பிரெஞ்சில் கேட்டாள். தயார் என்று சொன்னேன். வண்டியைத் தடுத்து வைத்திருந்த கட்டையைத் தள்ளிவிட்டாள்.

கத்தினோம். நான் கத்தியது தமிழ், முன்னால் இருந்தவள் கத்தியது தெலுங்கு, பின்னால் இருந்தவள் மாதாவைக் கூப்பிட்டாள். காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்துத் தடத்தில் போன வண்டியை நாங்கள் தாண்டிவிட்டோம். மூன்று பேரின் எடையும் அதற்கு உதவியது. கீழே சமதரையில் வண்டி வெகுதூரம் ஓடி, வேகம் குறைந்து நின்றது. சில விநாடிகள் யாரும் எழுந்திருக்கவில்லை. கை கால் எல்லாம் இருக்கிறதா என்று நர்ஸம்மா பின்னாலிருந்து எங்கள் இருவரையும் தடவிப் பார்த்தாள்.

"ரயிலுக்கு எம்புட்டு நேரம் இருக்கு?" என்று கேட்டாள் ராஜபாளையத்துக்காரி.

"ரெண்டு மணி நேரம்," என்றேன்.

அவள் அதற்குள் வண்டியின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.